ஐந்தாவது கோப்பை



சென்ற கோடை விடுமுறையில், அல்லாஹ்வின் அருளால், நாங்கள் குடும்பத்துடன் ஜப்பானின் கோபே நகருக்குச் சென்று வந்தோம். நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பணிக்காலம் முடிந்து தாயகம் திரும்பிய ஒரு ஜப்பானியக் குடும்பத்தாரைக் காண்பதே அப்பயணத்தின் நோக்கம். பயணச்சீட்டை ஒரே இரவில் எடுத்துவிட்டோம். அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து எதைக் கொண்டு செல்வது என்று முடிவு செய்யத்தான் மூன்று வாரங்கள் ஆயின.

அன்பளிப்புப் பொருள் வாங்குவதை மார்க்கம் பேசும் இடத்தில் எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. ஆயினும் ஞாயிறுதோறும் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டார் உரிமையைப் பாடமாக நடத்தும் நாங்கள், அப்பாடத்தின் ஒரு பகுதியை அந்த மூன்று வாரங்களில்தான் கற்றோம். அதனால் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் குடும்பத்தாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நியூஜெர்சியின் பெர்கன் வட்டாரத்தில், ஃபோர்ட் லீ போன்ற ஊர்களில், ஜப்பானியர் பலர் வாழ்கின்றனர். நிறுவனப் பணிக்காகச் சில ஆண்டுகள் வந்து தங்கிவிட்டுத் திரும்புவோர் அவர்களுள் அதிகம். எங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரி குடிவந்த மறுநாளே, இரு கைகளாலும் ஒரு சிறு பெட்டியை ஏந்தியவாறு எங்கள் வாசலில் வந்து நின்றார். அரிசி மாவில் செய்த இனிப்பு. பன்றியிலிருந்து பெறப்படுவதையும் மது கலந்ததையும் நாங்கள் உண்பதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் பெட்டியுடன் திரும்பிச் சென்றார். மனம் புண்பட்டிருக்குமோ என்று அன்றிரவெல்லாம் எங்களுக்கு உறுத்தலாக இருந்தது.

மறுநாள் மாலை மீண்டும் வந்தார். பெட்டி வேறு. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஜப்பானிய மொழியில் அச்சிட்டிருந்த சேர்மானப் பட்டியல் முழுவதையும் ஆங்கிலத்தில் தம் கையால் எழுதி ஒட்டியிருந்தார். அரிசி மாவு, சர்க்கரை, சிவப்புப் பயறு, உப்பு. அவ்வளவே.

அன்று தொடங்கி ஆறு ஆண்டுகள், அவர் கொண்டு வந்த எப்பொருளும் அந்தத் தாள் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ஜப்பானியச் சமையலில் மிரின் என்னும் அரிசி மதுவைச் சுவைக்காகச் சேர்ப்பார்கள் என்பதும், சில வகைச் சோயா சாற்றில் கெடாமலிருக்க ஆல்கஹால் கலக்கப்படுகிறது என்பதும், பிஸ்கட்டில் சேரும் கொழுப்பு சில வேளைகளில் பன்றிக் கொழுப்பாக இருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒருமுறை, ஒரு சேர்மானம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று உறுதியாகத் தெரியாததால், அந்தப் பெட்டியைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். எங்கள் மார்க்கத்தை அவர் ஏற்றவரல்லர். ஆயினும் எங்களுக்காக அதன் எல்லைகளை ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

நாங்கள் அவருக்காக என்ன வாசித்தோம்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது நாணமாகவே இருக்கிறது.

அவர்கள் வந்த முதல் ஆண்டில், நோன்புப் பெருநாள் அன்று, பிரியாணியுடன் ஓர் அன்பளிப்பும் கொடுத்தோம். நீலக் கோடிட்ட நான்கு தேநீர்க் கோப்பைகள். அமெரிக்கக் கடைகளில் கோப்பைகளும் தட்டுகளும் நான்கு நான்காகத்தான் அடுக்கி விற்கப்படுகின்றன. அவர்கள் வீட்டிலும் நால்வர். கணக்குச் சரியாக இருந்தது. அச்சகோதரி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு பலமுறை நன்றி கூறினார். எங்கள் எதிரில் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏமாற்றம். அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் அவர்களுக்கு, அன்பளிப்பைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரித்து வியந்து மகிழ்வதுதான் மரியாதை. ஜப்பானியரோ, கொடுத்தவர் முன் அவசரமாகப் பிரிப்பதை நாகரிகக் குறைவாகக் கருதுகின்றனர். யோசித்துப் பார்த்தால் நம் ஊர்களிலும் அப்படித்தானே? விருந்தாளி கொண்டு வந்த பையை அவர் கண்முன் திறந்து பார்த்தால் நம் உம்மா நம்மை என்ன சொல்லியிருப்பார்!

ஐந்து ஆண்டுகள் கடந்து, அவர்கள் தாயகம் திரும்பும் நாள் வந்தது. சாமான்களைக் கட்டுவதற்கு உதவச் சென்றோம். சமையலறை மேடையில் நாங்கள் கொடுத்த நான்கு கோப்பைகளும் இருந்தன. அவற்றோடு, அதே அளவில், கோடில்லாத ஒரு நீலக் கோப்பையும் இருந்தது. ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள் அவர்களின் மகள். இது எங்கள் கோப்பை அன்றே என்று கேட்டோம். தாய் வேண்டாமென்று கண்ணால் தடுத்ததைக் கவனியாமல் அச்சிறுமி சொல்லிவிட்டாள். ஜப்பானிய மொழியில் நான்கைக் குறிக்கும் ‘ஷி’ என்னும் ஒலியே சாவையும் குறிக்கிறது. அதனால் அங்கே அன்பளிப்புகளை நான்காகக் கொடுப்பதில்லை; கோப்பைகளையும் கிண்ணங்களையும் பெரும்பாலும் ஐந்தாகவே விற்பார்கள். நாங்கள் கொடுத்த மறுவாரமே அவள் தாயார் கடைக்குச் சென்று, பொருந்தக்கூடிய ஒன்றைத் தேடி வாங்கி ஐந்தாக்கிவிட்டாராம்.

எங்கள் பிழையை அவர் எங்களிடம் சொல்லவில்லை. கோப்பைகளை ஒதுக்கி வைக்கவுமில்லை. ஒரு கோப்பையைச் சேர்த்து எங்கள் அன்பளிப்பைச் சரிசெய்துகொண்டு, நாள்தோறும் அவற்றில் தேநீர் அருந்தியிருக்கிறார்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும், எங்களுக்குள்ளும் எழுந்தது. சகுனம் பார்ப்பதை இஸ்லாம் கண்டிக்கிறதே, எண்ணில் தீங்கு உண்டென்னும் நம்பிக்கைக்கு நாம் இடம் கொடுக்கலாமா? நான்கு என்னும் எண்ணுக்கு நன்மையோ தீமையோ செய்யும் ஆற்றல் இல்லை என்பதில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஒருவருக்கு மரணத்தை நினைவூட்டும் என்று தெரிந்த ஒன்றை அவர் கையில் கொடுக்காமலிருப்பது சகுனம் பார்த்தல் ஆகாது. அது மனம் அறிந்து நடத்தல். நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, அது விலக்கப்பட்டதன்று என்றும், தம் சமூகத்தார் வாழும் பகுதியில் இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்றும் கூறி அவர்கள் கையை எடுத்துக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதனை உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை. பிறந்து வளர்ந்த மண்ணின் பழக்கத்தால் வரும் தயக்கம் மதிக்கத்தக்கது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே இம்முறை வாசித்துவிட்டே வாங்குவது என்று உறுதி கொண்டோம். உணவு மேசையில் ஒரு தாளை வைத்து, இரு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டோம். நம் மார்க்கம் தடுப்பவை ஒரு பக்கம். அவர்களின் வழக்கமும் அவர்களது நாட்டுச் சட்டமும் தடுப்பவை மறுபக்கம்.

முதற்பக்கத்தில் முதலிடம் பெற்றது மது. ஜப்பானிய நண்பருக்கு அமெரிக்காவிலிருந்து எதைக் கொண்டு செல்லலாம் என்று எவரிடம் கேட்டாலும், கென்டக்கி மாநிலத்து போர்பன் மதுவைச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் வாப்பாவிடம் உடன் பணிபுரிவோர் மூவர் அதையே பரிந்துரைத்தனர். குடிக்கப்போவது நாமில்லையே என்னும் வாதம் இங்கே செல்லாது. மதுவைக் குடிப்பவரோடு, வாங்குபவர், விற்பவர், சுமப்பவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். அடுத்து, மிட்டாய் வகைகள். அமெரிக்க இனிப்புகளில் மார்ஷ்மெல்லோவும் இழுபடும் ஜெல்லி மிட்டாய்களும் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை. பெறுபவர்கள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு நாம் வாங்காத ஒன்றைப் பிறர் பிள்ளைகளுக்கு எப்படி வாங்குவது?

மறுபக்கம் இன்னும் நீண்டது. கத்தி, கத்தரிக்கோல் கூடாது. உறவை அறுப்பதாகப் பொருள்படும். ஒன்பதும் கூடாது, அதன் ஒலி துன்பத்தைக் குறிக்கும். கைக்குட்டை பிரிவைக் குறிப்பதாகச் சிலர் கருதுவர். கறுப்பு வெள்ளைக் கட்டுகள் துக்க வீட்டுக்குரியவை. சட்டம் வேறு இருக்கிறது. ஹலால் கடையில் கிடைக்கும் மாட்டிறைச்சி வற்றலைக் கொண்டுபோகலாம் என்று மகன் ஆசைப்பட்டான். ஏற்றுமதி நாட்டின் ஆய்வுச் சான்றிதழ் இல்லாத இறைச்சிப் பொருள் எதையும் ஜப்பானுக்குள் கொண்டு செல்ல இயலாது. வற்றலும் அதில் அடங்கும். பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

பிறகு விலை. பிள்ளைகளின் வாப்பா, பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனத்தின் தோல் கைப்பை ஒன்றை அச்சகோதரிக்கு வாங்க விரும்பினார். ஆறு ஆண்டுகளின் அன்புக்கு அதுவும் குறைவே என்றார். ஆனால் ஜப்பானியரிடம் ‘ஒகாஎஷி’ என்றொரு வழக்கம் உண்டு. பெற்ற அன்பளிப்புக்கு ஈடாக, ஏறத்தாழ அதன் பாதி மதிப்பில், ஒன்றைத் திருப்பித் தருவது. முன்பு நாங்கள் எதைக் கொடுத்தாலும் ஒரு வாரத்திற்குள் அவர்களிடமிருந்து ஏதேனும் வந்துவிடும். நமக்குக் கடன்பட விரும்பவில்லை போலும் என்று தவறாக எண்ணி வருந்தியதும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்பார்கள், அதற்கு ஈடும் செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிப்பதை நாங்களே மத்ரஸாவில் பலமுறை நடத்தியிருக்கிறோம். பாடத்தில் சுன்னத்தாகத் தெரிந்தது பக்கத்து வீட்டில் விலகலாகத் தெரிந்திருக்கிறது! விலையுயர்ந்த பையைக் கொடுத்தால் அவர்கள் மீது ஒரு சுமையை ஏற்றியவர்களாவோம். அண்டை வீட்டுப் பெண்கள் ஆட்டின் குளம்பைக்கூட அற்பமாகக் கருதாமல் ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்துகொள்ள வேண்டும் என்று நபியவர்கள் வலியுறுத்தியதை நினைத்துக்கொண்டோம். சிறியதைக் கொடுப்பது பெறுபவருக்குச் செய்யும் இரக்கமாகவும் அமையும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? நியூயார்க் கடைத்தெருவில் சுதந்திரதேவி சிலையின் சிறு உருவங்களைப் பார்த்தோம். உருவச்சிலை என்பதால் நாங்கள் வாங்கமாட்டோம். புரட்டிப் பார்த்தால் சீனாவில் செய்தது என்றும் அச்சிட்டிருந்தது. அமெரிக்கப் பெருநிறுவனங்களின் பொருள்களோ ஜப்பானிலேயே கிடைக்கின்றன. ஊர் சென்று திரும்புபவர் கொண்டு வருவதை அவர்கள் ‘ஒமியாகே’ என்பர். அந்த ஊருக்கே உரியதாக இருத்தல் அதன் சிறப்பு. நாகூர் சென்றவர் அல்வாவோடு வருவதையும், காயல்பட்டினம் சென்றவர் சீனிமாவோடு வருவதையும் எதிர்பார்க்கும் நமக்கு இது விளங்காததன்று. நாங்கள் அமெரிக்கா முழுவதையும் தேடிக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்களை அறிந்ததோ நியூஜெர்சியில்.

நியூஜெர்சிக்கு உரியது புளூபெர்ரி. காட்டுச் செடியாக இருந்த அதைத் தோட்டப் பயிராக்கியவர்கள் இம்மாநிலத்தின் வைட்ஸ்பாக் பண்ணையைச் சேர்ந்த எலிசபெத் வைட் என்னும் பெண்மணியும், பிரெடரிக் கோவில் என்னும் தாவரவியல் அறிஞரும் ஆவர். 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. அச்சகோதரியின் தந்தையார் ஒரு கோடையில் வந்து தங்கியிருந்தபோது, எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹாமன்டன் பகுதிப் பண்ணையில் புளூபெர்ரி பறித்தார். ஊர் திரும்பும் நாள்வரை காலையில் அந்தப் பழத்தின் ஜாமைத்தான் ரொட்டியில் தடவி உண்டார். சென்ற குளிர்காலத்தில் அவர் காலமானார் என்னும் செய்தி எங்களுக்கு வந்திருந்தது.

எனவே வீட்டுக்கு மூன்று புட்டி புளூபெர்ரி ஜாம். சர்க்கரையும் பழமும் எலுமிச்சைச் சாறும் மட்டும் சேர்ந்தது. அச்சகோதரி தம் அலுவலகத்தில் பகிர்ந்தளிக்க, தனித்தனியாகத் தாளில் சுற்றிய வெர்மான்ட் மாநிலத்து மேப்பிள் சர்க்கரை இனிப்புகள். ஏறத்தாழ நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும் என்பதால், சிறு பெட்டிக்கும் மதிப்புண்டு. மகளுக்கு, அவள் இங்கே படித்த பள்ளியின் பெயர் பொறித்த மேலாடை. மகனுக்கு, நியூயார்க் பேஸ்பால் அணியின் தொப்பி. 2009 உலகத் தொடரில் அவ்வணிக்காக ஆடிச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் ஹிதெகி மட்சுயி என்னும் ஜப்பானியர். ஜாம் புட்டிகளைத் தொழுகை உடைகளுக்குள் பொதிந்து பெட்டியில் வைத்தோம்.

புறப்படும் முன் ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அன்பளிப்பில் பிழை நேர்வது நமக்கு மட்டும் உரியதன்று. தோக்கியோ நகரம் அனுப்பிய 2,000 செர்ரி மரக்கன்றுகள் 1910-இல் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் பூச்சியும் நோயும் காணப்பட்டதால் அமெரிக்க அரசு அவற்றை எரிக்க நேர்ந்தது. தோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி மனம் வருந்தி விலகிவிடவில்லை. 1912-இல் 3,020 நல்ல கன்றுகள் மீண்டும் வந்தன. 1915-இல் அமெரிக்கா அதற்கு ஈடாக டாக்வுட் என்னும் பூமரக் கன்றுகளை ஜப்பானுக்கு அனுப்பியது. நாடுகளுக்கிடையேயும் ஓர் ஒகாஎஷி!

கோபேயில் இறங்கியதும் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று லுஹர் தொழுதோம். 1935-இல் எழுந்த அது ஜப்பானின் முதல் பள்ளிவாசல். 1945-இன் குண்டுவீச்சிலும் 1995-இன் பெரும் நிலநடுக்கத்திலும் அக்கட்டடம் நிலைத்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

மாலையில் அவர்கள் இல்லம் சென்றோம். ஜாம் புட்டிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து, இரு கைகளாலும் அச்சகோதரியின் தாயாரிடம் கொடுத்தோம். அந்த மூதாட்டி பெற்றுக்கொண்டு, அறையின் மூலையிலிருந்த மரமாடத்தின் முன்னே அவற்றை வைத்தார். அதனுள் அவருடைய கணவரின் படம் இருந்தது. இறந்தோருக்காக ஜப்பானியர் பலர் வீட்டில் வைத்திருக்கும் பௌத்த மாடம் அது. வீட்டுக்கு வரும் நல்ல பொருளை முதலில் அங்கே வைப்பது அவர்களின் வழக்கம்.

எங்கள் நெஞ்சு சுருங்கிற்று. இத்தனை கவனத்தோடு தேர்ந்த பொருள் இங்கேயா வந்து சேர வேண்டும்? எங்கள் மகள் மெல்லிய குரலில், “உம்மா, நம்ம கொடுத்ததைச் சாமிக்கா வைக்கிறாங்க?” என்று தமிழில் கேட்டாள். என்ன விடை சொல்வதென்று தெரியாமல் நின்றோம்.

அச்சகோதரிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகம் தெரிந்திருக்கிறது. அவர் உள்ளே சென்று ஒரு தட்டுடன் வந்தார். நறுக்கிய பீச் பழம். “இது அங்கே வைக்கப்பட்டதன்று. உங்களுக்காகத் தனியே எடுத்து வைத்தேன். அங்கே வைத்ததை நீங்கள் உண்ணமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஊதுவத்தி ஏற்றவும் வேண்டாம், அம்மாவிடம் முன்பே சொல்லியிருக்கிறேன்” என்றார். எந்தத் தாளிலும் எழுதப்படாததையும் அவர் வாசித்து வைத்திருந்தார்.

அன்றிரவு மகளுக்கு விடை சொன்னோம். அந்த மாடத்தின் முன் நாம் எதையும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம், வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. நாம் கொடுத்தது உயிருள்ள ஒரு மூதாட்டியின் கையில். கொடுத்த பின் அது அவருடைய பொருள். உமர் (ரலி) அவர்கள் தமக்குக் கிடைத்த பட்டு ஆடையை மக்காவில் இருந்த, இணைவைப்பாளரான தம் சகோதரருக்கு அனுப்பிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நம்பிக்கையில் வேறுபட்டவருக்குக் கொடுக்கும் வாசலை மார்க்கம் மூடவில்லை. இது நாங்கள் விளங்கிய அளவு, அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டில் ஒரு புட்டி திறக்கப்பட்டது என்று அச்சகோதரி பிறகு சொன்னார். கணவர் இறந்த பின் காலையில் ஒழுங்காக உண்ணாமலிருந்த அவருடைய தாயார் அன்று இரண்டு துண்டு ரொட்டி உண்டாராம்.

விடைபெறும் நாளில், எதிர்பார்த்தபடியே, ஓர் இனிப்புப் பெட்டி எங்கள் கைக்கு வந்தது. அதன் மேல் அதே வெள்ளைத் தாள்; அதே கையெழுத்து. அரிசி மாவு, சர்க்கரை, சிவப்புப் பயறு, உப்பு.

சகோதர சகோதரிகளே, நம்மில் பலர் இன்று வேற்று நாட்டாரோடும் வேற்று மதத்தாரோடும் சுவரைப் பகிர்ந்து வாழ்கிறோம். நமக்கு ஹலால் எது, ஹராம் எது என்று அவர்கள் அறிந்து நடக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம். அது நம் உரிமைதான். அவர்கள் மனம் எதில் நோகும், எதில் மகிழும் என்று நம் மார்க்கத்தின் எல்லைக்குள் நின்று நாம் அறிந்துகொள்வது அவர்களின் உரிமை. அடுத்த பெருநாளில் அண்டை வீட்டுக்குத் தட்டை அனுப்பும் முன், ஒருமுறை அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புவோமே.

கொடுப்பதிலும் பெறுவதிலும் நம் எண்ணங்களை அல்லாஹ் தூய்மையாக்குவானாக. அந்த நல்ல குடும்பத்தாருக்கு நேர்வழியும் நிறைந்த நலனும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.